கேள்வியே கோணல்... மார்க் யாருக்கு?

திருவண்ணாமலைக் கோயிலில் இருக்கும் சாமி யார்? சிவனா? பெருமாளா?

"இதென்ன கேள்வி! அண்ணாமலையார்தான்" என்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் கேட்டால் "பெருமாள்" என்று பட்டென்று சொல்வார். அந்த ஊருக்குப் பக்கத்திலும் திருவண்ணாமலை என்று ஒரு மலை இருக்கிறது. மேலே இருப்பவர் சீனிவாசப் பெருமாள். புரட்டாசி சனிக்கிழமை என்றால் ராஜபாளையம் ஜனமும் அங்கேதான்! இரண்டு பேர் சொன்னதும் சரி. எந்தத் திருவண்ணாமலை என்று சொல்லாமல் கேட்டவர் மேல்தான் தப்பு.

டீக்கடையில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பரீட்சை ஹாலில்?

குரூப்-4 தேர்வில் 200 கேள்விகள். அதில் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கும். கேள்விக்கு ஒன்றரை மார்க். இந்த ஒன்றரையில் எத்தனையோ பேருடைய ரேங்க் ஏறி இறங்குகிறது.

இந்த மாதிரிக் கேள்வி ஒன்றைப் பாருங்கள்: 1, 2, 4... அடுத்து என்ன? இரட்டித்துக்கொண்டே போனால் 8. முதலில் 1, பிறகு 2, பிறகு 3 என்று கூட்டிப் போனால் 7. இரண்டுமே நியாயம்தான். விடைகளில் 7, 8 இரண்டையும் போட்டு, ஒன்றுக்கு மட்டும் மார்க் என்றால் அது அறிவுச் சோதனையா, லாட்டரிச் சீட்டா?

கூற்று, காரணம் என்று இன்னொரு வகை. "கூற்று: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பிரபலம். காரணம்: அங்கே ஆண்டாள் கோயில் இருக்கிறது." இரண்டும் உண்மை. கோயிலுக்கும் கோவாவுக்கும் என்ன சம்பந்தம் என்பார் ஒருவர். கோயிலுக்கு வந்த கூட்டம்தானே பொட்டலம் கட்டி ஊர் ஊராகக் கொண்டு போச்சு என்பார் கடைக்காரர். யாருக்கு மார்க்? அதிகமாக யோசித்தவன் அடிவாங்குகிறான்!

பெரிய பரீட்சையிலும் இந்தக் கூத்து உண்டு. 2024 நீட் தேர்வில் அணுவைப் பற்றி ஒரு இயற்பியல் கேள்வி. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது என்று பழைய பாடப் புத்தகத்தில் இருந்தது. ரேடியம், யுரேனியம் அணு எல்லாம் தானாகவே சிதைகிறதே! தேர்வு நடத்தியவர்கள் இரண்டு விடைக்கும் மார்க் போட்டார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் மூன்று பேர் பார்த்து, ஒரு விடைதான் சரி என்றார்கள். 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 மார்க் போச்சு. 720-க்கு 720 வாங்கியவர்கள் 61 பேரில் இருந்து 17 பேராகக் குறைந்தார்கள். அரசாங்கப் புத்தகத்தை நம்பிப் படித்த பிள்ளை என்ன பாவம் செய்தது?

அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. 1980-ல் ஒரு தேர்வில் இரண்டு பிரமிடுகளை ஒட்டினால் எத்தனை முகம் தெரியும் என்று கேட்டார்கள். 7 என்பது அவர்கள் விடை. ஃபுளோரிடா மாணவன் ஒருவன் 5 என்று எழுதினான். தப்பு என்றார்கள். பையன் விடவில்லை. மாதிரி செய்து பார்த்தான். ஒட்டியதும் பக்கத்துப் பக்கத்து முகங்கள் ஒரே சமதளமாகச் சேர்ந்துவிடுகின்றன. 5-தான் சரி! 1981-ல் தேர்வு நடத்தியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டு 2 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு மார்க்கை ஏற்றினார்கள்.

நம்ம ஊரில் 1983-லேயே கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: சந்தேகத்துக்கு இடமான கேள்விகளை நீக்க ஏற்பாடு வேண்டும் என்று. ஆனால், தப்பு என்று தெளிவாக நிரூபிக்கும் வரை கொடுத்த விடைதான் சரி என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆக, நிரூபிக்கிற பாரம் எழுதியவன் தலையில்.

நீட் விடையை ஆட்சேபிக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். ஜெயித்தாலும் திரும்பாது. தப்புச் செய்தது அவர்கள், தண்டம் கட்டுவது பிள்ளைகளா? ஆட்சேபம் சரி என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டாமா?

டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் "விடை தெரியவில்லை" என்று ஒரு வட்டம் வைத்தார்கள். "கேள்வி சரியில்லை" என்று சொல்ல வட்டம் இல்லை. உத்தேச விடை வந்து ஏழு நாளுக்குள் ஆட்சேபிக்கலாம், ஆதாரம் காட்ட வேண்டும். ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரி படிக்கிற பெண், 1, 2, 4-க்கு அடுத்தது 7-ம் ஆகும் என்று எந்தப் புத்தகத்தைக் காட்டுவாள்? ஒவ்வொரு விடைக்கும் காரணத்தையும் சேர்த்து வெளியிடச் சொல்லுங்கள். கேள்வி போட்டவரும் கொஞ்சம் யோசிக்கட்டுமே!