ஆளுக்கொரு படிக்கல்

'ரெஃப்ரியும் மனுஷன்தானே சார், தப்பு நடக்கத்தான் செய்யும்!' ஃபுட்பால் பேச்சு சூடாகும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் இந்த வசனத்தை எடுத்து விடுகிறார். சரி, நடக்கட்டும். ஆனால் ஒரே மைதானத்தில், ஒரே ரெஃப்ரி, ஒரே குற்றத்துக்கு இரண்டு தீர்ப்பு சொன்னால்? அதற்குப் பேர் தப்பு இல்லை சார், ஓரவஞ்சனை.

2024 ஆகஸ்ட் 31. லண்டனில் ஆர்சனலும் பிரைட்டனும் மோதிய பிரிமியர் லீக் ஆட்டம். முதல் பாதியில் பிரைட்டனின் ஜோவாவ் பெட்ரோ, பந்து கோட்டைத் தாண்டி ஆட்டம் நின்ற நேரத்தில் அதை ஓங்கி உதைத்துத் தூர அனுப்பினார். ரெஃப்ரி கண்டுகொள்ளவில்லை. இடைவேளை முடிந்து சில நிமிடத்தில், பிரைட்டன் ஃப்ரீ கிக் எடுக்கப்போன பந்தை ஆர்சனலின் டெக்லன் ரைஸ் காலால் லேசாகத் தட்டிவிட்டார். அவ்வளவுதான்... இரண்டாவது மஞ்சள் அட்டை, தொடர்ந்து சிவப்பு. முன்னிலையில் இருந்த ஆர்சனல், பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று முடித்தது. பிரைட்டனின் கோலை அடித்தவர் யார் தெரியுமா? அதே ஜோவாவ் பெட்ரோ!

'ரைஸ் செய்தது விதிப்படி குற்றம்தானே?' என்பீர்கள். குற்றம்தான். ஆட்டத்தைத் தாமதப்படுத்தினால் மஞ்சள் அட்டை என்றுதான் விதி சொல்கிறது. பெட்ரோ உதைத்தபோது அந்த விதிப் புத்தகம் எந்தப் பரணில் கிடந்தது? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா?

'கேமரா இருக்கிறதே' என்பது அடுத்த சமாதானம். இரண்டாவது மஞ்சள் அட்டை விஷயத்தில் அன்றைய விதிப்படி வீடியோ நடுவர் வாயே திறக்க முடியாது!

'சீசன் முடிவில் எல்லாம் சமமாகிவிடும்' என்று ஒரு தத்துவம் வேறு. நான் காமர்ஸ் படித்தவன். ஒருத்தர் கணக்கில் பற்று எழுதி, இன்னொருத்தர் கணக்கில் வரவு வைத்தால் முதல் ஆசாமியின் நஷ்டம் எப்படித் தீரும்? 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் பந்தோடு கோல் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். கோட்டைக் கண்காணிக்கும் கருவி ரெஃப்ரிக்குச் சொல்லவில்லை. ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு கோல் கிடைக்கவில்லை, ஆட்டம் 0-0. அந்த சீசனில் வில்லா 35 புள்ளி எடுத்துத் தப்பித்தது. 34 புள்ளி எடுத்த போர்ன்மத் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. தப்பு நடந்த ஆட்டத்தில் போர்ன்மத் ஆடவே இல்லை. அவர்களுக்கு யார், எந்த சீசனில் சமன் செய்வது?

ரசிகன் கேட்பது தப்பே செய்யாத தேவதூதனை அல்ல. எல்லோருக்கும் ஒரே படிக்கல். அது தவறினால் ஏன் தவறியது என்று ஒரு பதில்.

பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட சுத்தமான கோல், ஆஃப்சைடு என்று பறிபோனது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. சதி, சதி என்று ஒரே கூச்சல். சில நாளில் நடுவர்கள் பேசிக்கொண்ட ஒலிப்பதிவு வெளியானது. மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று தப்பாக நினைத்து, வீடியோ நடுவர் 'பார்த்தாச்சு' என்று சொல்லியிருக்கிறார். விஷயம் புரிந்தபோது ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அது சதியல்ல, குளறுபடி என்பது கேட்ட பிறகுதானே தெரிந்தது!

ரக்பியில் ரெஃப்ரி பேசுவது நேரலையிலேயே வீட்டுக்குள் கேட்கிறது. ஃபுட்பாலிலோ, பொறுக்கியெடுத்த சில பதிவுகளைச் சாவகாசமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். தோற்ற கோச் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ரெஃப்ரியைக் கடுமையாக விமர்சித்தால் அவருக்கே அபராதம். தீர்ப்பு சொன்னவர் மட்டும் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். இது என்ன நியாயம்? ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் ரெஃப்ரி முன்னால் வந்து, 'இதற்கு அட்டை ஏன், அதற்கு ஏன் இல்லை' என்று சொல்லட்டும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. ரைஸுக்காகக் கொதித்த ஆர்சனல் ரசிகரே, தப்பான விசில் உங்களுக்குச் சாதகமாக ஊதப்பட்ட நாளில் எங்கே இருந்தீர்கள்? அன்றைக்கும் இதே குரலில் கத்துங்கள். உங்கள் கையில் இருப்பதும் ஒரே படிக்கல்தான் என்று அப்போதுதான் ஊர் நம்பும்!