பேரெண்களின் காரணிகளும் குவாண்டம் கணினியும்: சங்கத்தின் நிலைப்பாடு

பெரிய எண்களைக் காரணிப்படுத்துவதில் குவாண்டம் கணினி எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது, அதனால் நம் ரகசியங்களுக்கு நேரக்கூடிய அபாயம் எத்தகையது என்று வங்கி அதிகாரிகளும் ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் எமது சங்கத்தை வினவி வருகிறார்கள். அடுத்த வருஷமே சகல பூட்டுகளும் திறந்துகொள்ளும் என்று பீதியூட்டுகிறவர்களும், இரண்டு இலக்க எண்ணோடு மல்லாடும் யந்திரத்துக்கு எதற்கு இத்தனை ஆரவாரம் என்று நகைக்கிறவர்களும், இதுவரை பிரிக்கப்பட்ட எண் எது என்பதையே அளவுகோலாகக் கொண்டு பேசுகிறார்கள். அந்த அளவுகோலே பிழையானது என்பது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

இரண்டு பகா எண்களைப் பெருக்குவது சிறுவனுக்கும் சாத்தியம். பெருக்கி வந்த விடையை மட்டும் கையில் கொடுத்து, அந்த இரண்டையும் மீட்டுத் தருக என்றால் மேதைகளும் திகைப்பார்கள். 1903-ஆம் வருஷம் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் என்பவர் வாயே திறவாமல் கரும்பலகையை அணுகி, 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண்ணை ஒரு பக்கமும், 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கும் கணக்கை மறு பக்கமும் எழுதி, இரண்டும் ஒன்றே என்று காட்டிவிட்டு அமர்ந்தார் என்று கணித உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது என்ற இந்த ஏற்றத்தாழ்வையே அஸ்திவாரமாக்கி ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகிய மூவர் 1977-இல் வகுத்த ஆர்எஸ்ஏ முறைதான் இன்று டிஜிட்டல் கையொப்பங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் பரவலாக ஆதாரமாய் நிற்கிறது. அம்முறையின் பெயரால் சவாலாக விடுக்கப்பட்ட எண்களில், 250 இலக்கமுள்ள ஒன்றை 2020-இல் பிரித்தார்கள். ஒரே செயலியகம் இடைவிடாது உழைத்தால் சுமார் 2,700 வருஷங்கள் பிடிக்கக்கூடிய வேலை அது. நடைமுறையில் நாம் உபயோகிக்கும் 2,048 பிட் சாவியோ 617 இலக்கமுடையது.

இந்நிலையில் 1994-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பீட்டர் ஷோர் கண்டறிந்த உபாயத்தின் சாரத்தை, அஞ்ச வேண்டியது எதற்கு என்பது தெளிவாகும் பொருட்டு, சற்று விரிவாகவே கூறுவது அவசியம். 15 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 7-இன் அடுக்குகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் 15-ஆல் வகுத்து மீதியைக் குறித்து வந்தால் 7, 4, 13, 1 என்று வந்து, மறுபடியும் அதே வரிசை தொடங்கும். ஆகவே சுழற்சியின் நீளம் 4. அதில் பாதி 2. 7-இன் வர்க்கம் 49. அதில் ஒன்று குறைந்த 48-க்கும் 15-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 3, ஒன்று கூடிய 50-க்கும் 15-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 5. காரணிகள் கிடைத்துவிட்டன. வகுத்தி காண்பது யூக்ளிட் காலத்துக் கணிதம். அதற்குப் புதிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. 617 இலக்க எண்ணில் அந்தச் சுழற்சியின் நீளமே நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கு விரியக்கூடும் என்பதால் சாதாரணக் கணினி அதை நடந்து அளக்க முடியாது. குவாண்டம் கணினி அடுக்குகள் அனைத்தையும் ஒரே நிலையில் பிணைத்து, சுழற்சியோடு பொருந்தாத அலைவீச்சுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் பொருந்துபவை மட்டும் வலுத்து நிற்கவும் செய்து, நீளத்தை வெளிக்கொணர்கிறது. எல்லா விடைகளையும் ஏககாலத்தில் சோதித்துப் பார்க்கும் யந்திரம் என்று அடிக்கடி அச்சாகும் வர்ணனை, கேட்க ரம்மியமாக இருந்தாலும், உண்மை அன்று.

2001-இல் ஐபிஎம் நிறுவனமும் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையும் ஒரு மூலக்கூறின் ஏழு அணுக்கருக்களைக் கியூபிட்களாக, அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளாகக் கொண்டு 15-ஐப் பிரித்தன. 2012-இல் வேறொரு குழு 21-ஐப் பிரித்தது. அவை நேர்த்தியான பரிசோதனைகளே. எனினும் விடை முன்கூட்டியே தெரிந்திருந்ததால் குவாண்டம் கணிப்புச் சுற்றைச் சுருக்கிக்கொள்ள முடிந்தவை. காரணிகள் தெரிந்தால், சுழற்சியின் நீளம் 2 ஆக அமையும் அடியெண்ணை (மேலே 7 இருந்த இடத்தில் வைக்கும் எண்ணை) பொறுக்கியெடுத்து, நாணயம் சுண்டியே எத்தனை பெரிய எண்ணையும் ‘பிரித்துவிடலாம்’ என்று 2013-இல் ஸ்மோலின், ஸ்மித், வார்கோ ஆகியோர் நிரூபித்தார்கள்; பின்னர் 2025-இல் இருவர், ஒரு பழைய வீட்டுக் கணினி, ஒரு மணிச்சட்டம், ஒரு நாய் ஆகியவற்றைக் கொண்டே இந்தச் சாதனைகளையெல்லாம் நிகழ்த்திக் காட்டலாமென்று பரிகாசமாக ஒரு கட்டுரையே எழுதினார்கள். ஆகவே விடை தெரிந்து கட்டப்பட்ட சுற்றையோ, தேடுவதற்கு எளிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எண்ணையோ கொண்டு அறிவிக்கப்படும் எந்தச் சாதனையையும் சங்கம் முன்னேற்றமாக அங்கீகரிக்காது; அத்தகைய செய்திகளைத் தலைப்பாக்க வேண்டாமென்று பத்திரிகைகளையும் கேட்டுக்கொள்கிறது.

அப்படியானால் கவலையே வேண்டியதில்லையா என்றால், அப்படியும் அன்று. கவலைக்குரிய இடம் வேறு. 2,048 பிட் சாவியை உடைக்கச் சுமார் 2 கோடி கியூபிட்களும் 8 மணி நேரமும் வேண்டுமென்று கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெரோவும் 2019-இல் மதிப்பிட்டார்கள். அதே கிட்னி 2025-இல், பத்து லட்சத்துக்கும் குறைவான கியூபிட்களைக் கொண்டு ஒரு வாரத்துக்குள் முடிக்கலாமென்று கணித்தார். இரண்டு மதிப்பீடுகளிலும் கியூபிட்டின் தரம் ஒன்றே, அதாவது ஆயிரம் செயல்களுக்கு ஒரு பிழை. யந்திரம் மேம்படும் என்ற அனுமானம் சிறிதுமின்றி, நேரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கணித யுக்தியாலேயே தேவை இருபதில் ஒரு பங்காக இறங்கியது என்பதை, 21-ஐச் சுட்டி நகைப்பவர்கள் சிந்திக்க வேண்டும். மறு பக்கத்தில், கூகுளின் 105 கியூபிட் வில்லோ சில்லில், பிழைதிருத்தத்துக்காகக் கூட்டப்படும் கியூபிட்கள் பெருகப் பெருகப் பிழை குறையும் என்பது 2024-இல் பிரத்தியட்சமாயிற்று. நூற்றுக்கும் பத்து லட்சத்துக்கும் உள்ள தூரம் பெரிது. அதை எந்த வருஷத்தில் கடப்பார்கள் என்று சோதிடம் கூறச் சங்கம் மறுக்கிறது.

வருஷம் தெரியாமலே தீர்மானிக்கக்கூடிய விஷயமும் உண்டு. இன்று கம்பிவழியே செல்லும் மறைகுறிச் செய்தியை எவரேனும் கவர்ந்து சேமித்து, யந்திரம் பிறந்த பின் சாவகாசமாகப் பிரித்துப் படிக்கலாம்; நோயாளியின் சரித்திரமும் ராஜதந்திரக் கடிதமும் இருபது வருஷங்களுக்குப் பின்னும் ரகசியமாக இருக்க வேண்டியவை. எனவே ரகசியம் காக்கும் சாவிப் பரிமாற்றத்தை முதலிலும், கையொப்பங்களை அடுத்ததாகவும் மாற்றவேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. நாளை செய்யப்படும் மோசடிக் கையொப்பத்தால் இன்றைய பரிவர்த்தனை கெடாது; ஆனால் நீண்ட காலம் உழைக்கும் கருவிகளுக்குள்ளே பதிக்கப்பட்ட கையொப்பச் சாவிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆர்எஸ்ஏக்கு மாற்றாக வழங்கும் நீள்வட்ட வளைவு முறைகளும் ஷோரின் உபாயத்துக்கு முன் நிற்கமாட்டா என்பதால், அவற்றுக்குத் தாவுவது பரிகாரமாகாது. இரு தரப்பும் ஒரே சாவியைக் கொள்ளும் சமச்சீர் முறைகளுக்கு, 256 பிட் சாவியுடைய ஏஇஎஸ் போன்றவற்றுக்குப் பெரிய இடரில்லை.

குவாண்டம் கணினிக்கு ஈடுகொடுக்கும் மாற்று முறைகளை அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், பல சுற்றுகளாகத் தேர்வு நடத்தி, 2024 ஆகஸ்டில் பிரசுரித்தது. அவற்றை மட்டுமே நம்பிப் பழையதை உடனே கைவிடுவதையும் சங்கம் ஆமோதிக்கவில்லை. ஏனெனில் அதே தேர்வின் நான்காம் சுற்றுவரை வந்திருந்த சைக் என்னும் முறையை, 2022-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், குவாண்டம் யந்திரம் எதுவுமின்றி, சாதாரணக் கணினியின் ஒரே செயலியகத்தைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். ஆகவே சில காலத்துக்குப் பழைய முறையையும் புதிய முறையையும் ஒருங்கே இணைத்து, இரண்டும் உடைந்தாலன்றி ரகசியம் வெளிப்படாதபடி அமைப்பதே விவேகம். சிக்னல் என்னும் செய்திச் செயலி 2023-இல் இவ்வழியில்தான் மாறியது.

அரசாங்கக் காரியாலயங்களும் வங்கிகளும் மருத்துவமனைகளும் தங்களிடம் ஆர்எஸ்ஏ எங்கெங்கே உபயோகத்தில் இருக்கிறது என்ற பட்டியலை இந்த வருஷத்துக்குள் தயாரிக்க வேண்டுமென்றும், இனி வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் ஒப்பந்தத்திலும் குறியாக்க முறையைப் பின்னர் மாற்றிக்கொள்ளும் வசதியை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டுமென்றும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.