செத்த பிணை

பேங்கு படிவத்தில் 'மார்ட்கேஜ்' என்று ஒரு சொல் இருக்கும். அடமானம் என்று புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு சாவு இருக்கிறது.

அது பழைய பிரெஞ்சுச் சொல். 'மோர்' என்றால் செத்தது, 'காஜ்' என்றால் பிணை. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்த பிரெஞ்சு, கோர்ட்டுப் பேச்சிலும் ஏறிக்கொண்டது.

பிணை எப்படிச் சாகும்? கிளான்வில் பெயரில் வழங்கும் 12ஆம் நூற்றாண்டுச் சட்டநூல் விளக்குகிறது. கடன் கொடுத்தவர் நிலத்தை வைத்துக்கொண்டு விளைச்சலை எடுக்கிறார். எத்தனை வருஷம் எடுத்தாலும் அசலில் ஒரு காசும் கழியாது. அதுதான் செத்த பிணை. அதைப் பாவம் என்றே அந்நூல் சொல்கிறது. ஆனாலும் ராஜாவின் கோர்ட்டு தடுக்கவில்லை. விளைச்சல் கடனில் கழிந்துகொண்டே வந்தால் அது உயிருள்ள பிணை.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம ஊர் ஒத்திதான் ஞாபகம் வந்தது. நிலம் அவரிடம், விளைச்சல் வட்டிக்குச் சரி, அசல் அப்படியே நிற்கும். அச்சு அசல் அதே செத்த பிணை!

1882ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவு, இரண்டுக்குமே இடம் தருகிறது. விளைச்சலை வட்டிக்கு ஈடாகவும் எடுக்கலாம், அசலிலும் கழிக்கலாம். எது என்பது பத்திரத்தில் எழுதுவதைப் பொறுத்தது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்கிறோம்?

கடனே வாங்காதீங்கன்னு நான் சொல்ல வரல. கல்யாணம், ஆஸ்பத்திரின்னு வந்தா யாரால தவிர்க்க முடியும்? என் கவலை மண்ணைப் பற்றியது. நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப்போகிற காட்டில் யாராவது ஆட்டுக்கிடை போடுவாரா? தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவாரா? யூரியாவைக் கொட்டி இந்தப் போகத்தில் எடுக்கிறதை எடுப்பார். பத்து வருஷம் நாம் சேர்த்த மண்வளம் மூன்றே வருஷத்தில் போய்விடும்.

அதனால், ஒத்தி எழுதியே ஆகணும்னா இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்க. ஒன்று, விளைச்சலில் ஒரு பங்கு அசலில் கழியணும். இரண்டு, வருஷம் ஒருமுறை பசுந்தாள் உரம் விதைத்து உழணும், களைக்கொல்லி அடிக்கக் கூடாது. எதிராளி முகம் சுளிப்பார், பேரம் பேசுவார். பேசட்டும். பணம் கைக்கு வருமுன் பேசினால்தான் நம்ம பேச்சு எடுபடும்.