புள்ளி தூசி அல்ல



நம் பள்ளிப் பொன்விழா பேனருக்கான சின்னம் நேற்று வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பழைய படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது என்று, தம்பி ஒருவர் அதை வெக்டராக மாற்றி அனுப்பியிருந்தார். ஓரங்கள் வழுவழு. வட்டம் அருமை. ஆனால் ‘கல்வியே கண்’ என்ற வாசகத்தில் இரண்டு புள்ளிகளையும் காணோம்! ‘கல்வி’யில் புள்ளி போனால் என்ன சொல் ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை.

தம்பி மேல் குற்றமில்லை. நம் கணக்கு வகுப்பை நினைத்துப் பாருங்கள். கிராப் தாளில் கட்டங்களுக்கு வண்ணமடித்து வட்டம் காட்டுவது பிட்மேப். மையம் இங்கே, ஆரம் இவ்வளவு என்று காம்பஸால் வரைவது வெக்டர். 150 கட்டம் அகலமுள்ள படத்தை 5 அடிக்கு இழுத்தால் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். காம்பஸ் வட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆரத்தை மாற்றினால் போதும்.

மாற்றித் தரும் மென்பொருள், கட்டங்களின் ஓரத்தைப் பின்பற்றி வளைகோடு போடுகிறது. 1960களில் ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியே என்ற பொறியாளர் காரின் வளைவுகளை வடிவமைக்கக் கையாண்ட அதே வகைக் கோடு. அதற்குக் கணக்கு தெரியும், தமிழ் தெரியாது. சின்னதாகத் தனியே நிற்பதைத் தூசி என்று துடைத்துவிடும். நம் புள்ளியும் அப்படித்தான் போயிற்று.

ஆகவே என் கருத்து இதுதான்: ஒரே கிளிக்கில் மாற்றியதை அப்படியே அச்சுக்கு அனுப்பக் கூடாது. முதலில் மூலத்தாளைத் தேடி 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். இங்க்ஸ்கேப் இலவசம்தான், அதில் சிறு புள்ளிகளை நீக்கும் அளவைக் குறைத்து வையுங்கள். வட்டத்தை வட்டமாகவே வரையுங்கள்.

“எழுத்தைப் புதிதாக டைப் செய்துவிடலாமே சார்” என்று ஒருவர் கேட்டார். கடைப் பலகைக்குச் சரி. ஆனால் அந்த எழுத்துகள் மறைந்த நம் ஓவிய ஆசிரியர் தூரிகையால் எழுதியவை. வேறு எழுத்துருவைப் போட்டால் அவர் கை அதில் இருக்காது. படத்தை அடியில் வைத்து, பேனா கருவியால் ஒவ்வொரு சுழியாக வரையுங்கள். ஒரு மாலைப்பொழுது ஆகும். ஆகட்டுமே! அவர் நமக்காக எத்தனை மாலை செலவழித்தார்?

யாரிடமாவது பழைய ஆண்டு மலர் இருந்தால் எடுத்து வாருங்கள். அட்டையில் சின்னம் பெரிதாக இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி எண்ணுகிறேன். காபி நம் வீட்டில்.