பரிசோதனை அவர்களுக்கு, குடியிருப்பு நமக்கா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டி மண் சுவரும் கீற்றுக் கூரையுமாகச் சில வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். சில மாதம் தங்கிப்போக வருகிறவர்கள் அங்கே வாடகைக்கு இருந்து 'இயற்கையோடு இயைந்த வாழ்வை' வாழ்ந்து பார்க்கிறார்கள். அதே மண்ணும் அதே கீற்றும் சேரியில் இருந்தால் அதற்குப் பெயர் குடிசை. 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்கிறது 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம். ஒழுகும் கூரை ஒழியட்டும், நமக்கும் அதுதான் வேண்டும். ஆனால் தோழர்களே, நாம் வாழ்ந்தால் இழிவு, அவர்கள் வாழ்ந்தால் தத்துவமா?

பரிசோதனை பிடிக்கவில்லை என்றால் அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். நம் மக்கள் எங்கே போவது? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் 'தற்காலிகம்' என்று போட்ட தார் அட்டைக் கொட்டகைகளில் மாதக்கணக்கில் வெந்தவர்களைக் கேளுங்கள்.

அரசும் இதையே பெரிதாகச் செய்கிறது. சென்னைக் கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம் பெரும்பாக்கம். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். அதே பெரும்பாக்கத்தில்தான் ஒன்றிய அரசு 2021 ஜனவரி 1 அன்று 'லைட் ஹவுஸ்' திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது. ஆறு நகரங்களில் ஆறு தொழில்நுட்பங்கள். சென்னைக்கு வாய்த்தது, முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் முறை. 1,152 வீடுகள் 2022 மே 26 அன்று திறக்கப்பட்டன. இவற்றை 'நேரடி ஆய்வுக்கூடம்' என்று அரசே பெருமையாகச் சொன்னது.

சுவர் எத்தனை நாளில் எழுந்தது என்று அளக்கிறார்கள். வீட்டுவேலைக்குப் போகும் பெண் எத்தனை பஸ் மாறுகிறாள் என்பதையும் அளக்க வேண்டாமா? நடந்துபோய் வேலை செய்தவரை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டுச் சுற்றுச்சூழலைக் காப்பதாகச் சொல்வது மோசடி.

புதிய முறைகளை நாம் எதிர்க்கவில்லை. வெக்கை தாங்கும் கூரையும் குறைந்த மின்கட்டணமும் முதலில் ஏழைக்குத்தான் தேவை. அதனால்தான் கேட்கிறோம்: பட்டா யார் பெயரில்? குடியிருப்பவரிடம் சம்மதம் கேட்டீர்களா? சோதனை தோற்றால் செலவு யாருடையது? மக்கும் கழிப்பறை நிரம்பினால் அள்ளப்போவது யார்? 1993இலும் 2013இலும் சட்டம் போட்டும் மலக்குழியில் நம் பிள்ளைகள் சாகிற நாட்டில், இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தப் பசுமை வீட்டையும் திறக்கக் கூடாது.

கட்டடக்கலையும் சமூகப்பணியும் படிக்கிற தம்பி தங்கைகளே, நாளை இந்தத் திட்டங்களுக்கு ஆய்வறிக்கை எழுதப்போவது நீங்கள்தான். இந்த நான்கு கேள்விகளும் அதன் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.