இறங்க பத்து நிமிசம், ஏற ஒரு மணித்தியாலம்

மூன்று மாதமாக என் போனில் இரண்டு சைக்கிள்களின் படங்கள் கிடந்தன. இரண்டும் செகண்ட் ஹேண்ட். ஒன்று ட்ரெயில், மற்றது எண்டியூரோ. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை வாங்கினாலும் நான் இரண்டு வருசமாகச் சேர்த்த காசு முடிந்துவிடும். பிழையானதை வாங்கிவிட்டால் இன்னும் இரண்டு வருசம் சேர்க்க வேண்டும்.

"மச்சான், யோசிக்க என்ன கிடக்கு? பெரிய சொக் இருக்கிறதை எடு" என்றான் யாழ்ப்பாணத்து நண்பன். அவன் ஊரில் பாலம் ஏறினால்தான் ஏற்றம். ஆனாலும் அவன் சொல்வது சரி மாதிரித்தான் பட்டது. யூடியூப்பில் நாங்கள் வாய் பிளந்து பார்க்கும் வீடியோக்கள் எல்லாமே எண்டியூரோதானே. முக்கால்வாசி முடிவும் எடுத்துவிட்டேன். அந்த முடிவு பிழை என்று இப்போது நினைக்கிறேன். இதே கேள்வியோடு காசு சேர்த்துக்கொண்டிருக்கும் ஆக்களுக்காக ஏன் என்று எழுதுகிறேன்.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் முன்னுக்கும் பின்னுக்கும் சொக் உண்டு. அந்த சொக் எவ்வளவு தூரம் அமுங்கும் என்பதைத்தான் ட்ராவல் என்கிறார்கள். ட்ரெயில் சைக்கிளில் அது 120 முதல் 150 மில்லிமீற்றர் வரை இருக்கும். எண்டியூரோவில் 160, 170, சிலதில் 180 கூட. முன் போர்க்கின் சாய்வும் வேறு. ட்ரெயிலில் பெரும்பாலும் 65, 66 பாகை, எண்டியூரோவில் 63, 64 பாகை. இரண்டு பாகைதானே என்று தோன்றும். அந்த இரண்டு பாகையில் முன் சில்லு இன்னும் முன்னுக்குப் போய், சைக்கிள் நீண்டுவிடுகிறது. செங்குத்தாக, வேகமாக இறங்கும்போது தலைகுப்புறப் போய்விடுவோம் என்ற பயம் குறையும். அதே சைக்கிளை ஒடுங்கிய வளைவில் மெதுவாகத் திருப்பினால் ஹேண்டில் தன்பாட்டில் ஒரு பக்கம் விழப் பார்க்கும். நிறையும் கூட. ட்ரெயில் 13, 14 கிலோ அளவில் இருந்தால், எண்டியூரோ 15, 16 கிலோ, சிலது அதற்கும் மேலே.

இது ஏன் இப்படி என்றால், எண்டியூரோ என்பது முதலில் ஒரு போட்டி வகை. 2013 இல் எண்டியூரோ வேர்ல்ட் சீரிஸ் தொடங்கியது. 2023 இல் இருந்து அது யூ.சி.ஐ. உலகக் கிண்ணமாக நடக்கிறது. இந்தப் போட்டியில் இறக்கங்களுக்கு மட்டும்தான் நேரம் கணக்கு. ஏற்றத்தில் நீங்கள் குறித்த நேரத்துக்குள் அடுத்த தொடக்க இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், மூச்சு வாங்கிக்கொண்டு உருட்டிப் போனாலும் சரி. சில இடங்களில் லிஃப்டிலேயே ஏற்றிவிடுவார்கள். கனடாவின் விஸ்லரிலோ அல்ப்ஸ் மலையிலோ லிஃப்டில் ஏறி ஒரே நாளில் பல தடவை இறங்கலாம். அந்த நாளுக்காகச் செய்த சைக்கிள் அது. அங்கே அது ராஜா.

எங்கள் மலைகளுக்கு வருவோம். இங்கே அப்படி லிஃப்ட் இல்லை. வேன் பிடித்து சைக்கிளை மேலே ஏற்றலாம், ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேனுக்குக் காசு யாரிடம் இருக்கு? ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் பீக்கோ ட்ரெயிலை எடுத்துப் பாருங்கள். அதில் பெரும்பங்கு பழைய தோட்டத்து ரோட்டுகளும் ஒற்றையடிப் பாதைகளும், இடையில் லயங்களும் ஊர்களும்தான். ஏறும், கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏறும். செங்குத்தான பாறை இறக்கம் நாள் முழுக்க வராது.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. கடைசியில் தெரிந்த அண்ணன் ஒருவர் தன்னுடைய எண்டியூரோவை ஒரு நாளைக்குத் தந்தார். ஹட்டன் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கே கொண்டு போனேன். மேல் டிவிசன் வரை ஏற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பெடல் பண்ணும் சக்தியில் பாதியைப் பின் சொக் குடிக்கிற மாதிரி இருந்தது. தடித்த டயர்கள் ரோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தன. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். லயத்துப் பொடியன்கள் பின்னால் ஓடிவந்து, "அண்ணே, இவ்ளோ பெரிய சைக்கிள தள்ளிட்டா போறீங்க?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது?

இறக்கம் வேற கதை. பொய் சொல்லக்கூடாது, சந்தோசத்தில் கத்தினேன். சின்ன வயதில் வழுக்கி விழுந்த கல்லெல்லாம் டயருக்குக் கீழே இருக்கிறதே தெரியவில்லை. எனக்குள் இருந்த பயம் எங்கேயோ போய்விட்டது. மூன்றாவது வளைவில் திரும்பும்போது எதிரே கொழுந்து எடுக்கிற அக்காமார் நாலு பேர், நிறுவைக்குப் போகிறார்கள், தலையில் சுமை. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின் சில்லு இழுத்துக்கொண்டு போய் அவர்களுக்கு இரண்டு அடி முன்னால் நின்றது. முன்னால் வந்தவர் தேயிலைக்குள் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். ஏசவில்லை. "மெதுவா போங்க தம்பி, பின்னால இன்னும் ஆளுக வருது" என்றார். அவ்வளவுதான்.

என் அம்மாச்சியும் நாற்பது வருசம் இதே பாதையில், இதே மாதிரிச் சுமையோடு நடந்தவர். மீதிப் பாதையை உருட்டிக்கொண்டுதான் இறங்கினேன்.

பிரேக் சைக்கிளில் இல்லை, ஓட்டுகிறவன் கையில் என்று சொல்வீர்கள். சரிதான், பிழை என்னுடையது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு விசயம் விளங்கியது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது சந்தோசம் தரத் தொடங்கும் வேகம் என்று ஒன்று இருக்கு. எண்டியூரோ மெதுவாகப் போனால் சும்மா பாரமான சைக்கிள். வேகம் எடுத்தால்தான் உயிர் வரும். அந்த வேகமோ, ஆட்கள் நடக்கிற பாதைக்குப் பொருந்தாத வேகம். ட்ரெயில் அப்படியில்லை. பதினைந்து கிலோமீற்றர் வேகத்திலும் கல், வேர், வளைவு எல்லாம் கைக்குத் தெரியும், விளையாட முடியும்.

எண்டியூரோ தொடக்கக்காரருக்குப் பாதுகாப்பு, பிழை விட்டாலும் காப்பாற்றும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கு. ஆனால் மன்னிக்கப்பட்ட பிழையை நாங்கள் பிழை என்று படிப்பதில்லை. அதே பிழையை இன்னும் கூடின வேகத்தில் விடும்போதுதான் தெரியவரும்.

செலவும் பேச வேண்டும். எதை வாங்கினாலும் சொக்குக்கு சர்வீஸ் உண்டு. ஐம்பது மணித்தியால ஓட்டத்துக்கு ஒருக்கா போர்க்கின் கீழ்ப்பகுதியைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்வார்கள். பல பின் சொக்குகளை முழுதாகக் கழற்றிப் பூட்டினால் நைட்ரஜன் அடைக்க வேண்டும். சீல், எண்ணெய் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. காசு இன்னும் குறைவு என்றால் பின் சொக் இல்லாத நல்ல ஹார்ட்டெயில் ஒன்றே எங்கள் ரோட்டுகளுக்குத் தாராளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்போ எண்டியூரோ யாருக்கு? போட்டிக்குப் போகிறவர்களுக்கு, ஆட்கள் நடக்காத செங்குத்தான பாதை பக்கத்தில் இருப்பவர்களுக்கு, மேலே ஏற்றிவிட வாகனம் உள்ளவர்களுக்கு. நீங்கள் அதில் ஒருவர் என்றால் தாராளமாக எடுங்கள். மற்றவர்கள் கடந்த பத்து ஞாயிற்றுக்கிழமை எங்கே ஓடினீர்கள் என்று ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். ஓட ஆசைப்பட்ட இடங்களை எழுத வேண்டாம். அந்தப் பட்டியலுக்கு சைக்கிள் வாங்குங்கள்.

நான் 140 மில்லிமீற்றர் ட்ரெயிலை எடுத்தேன். போன கிழமை அதே மேல் டிவிசனுக்கு ஏறினேன், ஒரு இடத்திலும் தள்ளவில்லை. ஹேண்டிலில் சின்ன மணி ஒன்றும் பூட்டியிருக்கிறேன். மலைச் சைக்கிளுக்கு மணியா என்று யாழ்ப்பாணத்தான் இன்னும் சிரிக்கிறான். மூன்றாவது வளைவு வரும்போது அடிப்பேன்.