வாசலில் கேட்ட கேள்வி

மாமல்லபுரம் பார்க்கப் போகும் தோழர்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறார்கள். ஏழாம் நூற்றாண்டிலே பல்லவர் காலத்துக் கல்தச்சர்கள் செதுக்கி வைத்த பாறைகள், 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டு, உலகத்தையே அந்தக் கடலோர ஊருக்கு இழுத்து வருகின்றன. உழைத்தவன் கைவண்ணத்தை உழைக்கிறவன் பார்த்து வருவது மகிழத்தக்கதே.

போகிறவர் இரவு தங்க வேண்டுமே! பெரிய ஓட்டல்களின் ஒருநாள் வாடகை, ஒரு தொழிலாளியின் பல நாள் கூலியை விழுங்கிவிடும். நமக்கு ஏற்றவை, ஒரு குடும்பத்தார் தாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி நடத்தும் விடுதிகள்தாம். அங்கே கொடுக்கும் வாடகை எங்கே போகிறது? பால்காரருக்கு, மீன் விற்கும் அம்மாவுக்கு, துணி வெளுப்பவருக்கு, பெட்டிக்கடைக்கு. பணம் அந்தத் தெருவிலேயே புழங்குகிறது. ஆகவே இத்தகைய விடுதிகள் வளர வேண்டும் என்பதே நம் விருப்பம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் தோழர் ஒருவர், ஆலைத் தொழிலாளி, மனைவி மக்களோடு அங்கே போயிருந்தார். ஒரு வீட்டில் வாடகை பேசியாயிற்று. ஆதார் அட்டையையும் காட்டியாயிற்று. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த வீட்டுக்காரர், "ஊர் தெரியுது. நீங்க என்ன ஆளுங்க?" என்றார். "வாடகை கொடுக்கிற ஆளுங்க" என்றார் தோழர். "தப்பா நினைக்காதீங்க. குடும்பம் இருக்கிற வீடு, அதான் கேட்டேன்" என்று பதில் வந்தது. தோழர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். அங்கேயும் ஒரு குடும்ப விடுதி. அங்கேயும் வாசலில் ஒரு கேள்வி கேட்டார்கள்: "பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?"

முதல் வீட்டுக்காரரை நாம் கேட்கிறோம். கடல் கடந்து வரும் வெள்ளைக்காரரிடம் "என்ன ஆளு" என்று நீர் கேட்பதுண்டா? அப்போது மட்டும் குடும்பம் எங்கே போய்விடுகிறது?

"என் வீடு, என் விருப்பம்" என்பார்கள். பலகை மாட்டி வாடகை வாங்கத் தொடங்கிய பிறகு அது ஊருக்குத் திறந்த கதவு. ஓட்டலுக்குள் நுழையச் சாதி தடையாகக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955-ஆம் ஆண்டுச் சட்டம், தங்கும் விடுதியையும் ஓட்டல் என்றே கணக்கில் வைக்கிறது. தீண்டாமை பாராட்டி இடம் மறுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு.

சட்டம் இருந்தும் கேள்வி நிற்கவில்லையே, ஏன்? அது அறைக் கதவருகே, சாட்சியில்லாமல், சிரித்த முகத்தோடு கேட்கப்படுகிறது. மத்திய அரசின் சுற்றுலாத் துறை, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் 1 முதல் 6 அறைகள் வரை விருந்தினருக்கு விடுவதைப் பதிவு செய்யும் திட்டம் வைத்திருக்கிறது. கட்டில், கழிப்பறை, குடிநீர் எல்லாம் பார்க்கப்படுகின்றன. "இங்கே சாதி கேட்பதில்லை" என்ற பலகை வாசலில் இருக்கிறதா என்பதையும் பார்க்கட்டும். கேட்டால் பதிவு ரத்து என்று அறிவிக்கட்டும்.

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், தூக்கிய மலையின் கீழே ஆணும் பெண்ணும் குழந்தையும் மாடும் கன்றும் ஒன்றாக ஒதுங்கி நிற்பதைச் சிற்பி காட்டியிருக்கிறான். புராணத்தை நம்புவோர் நம்பட்டும். ஒரே நிழலில் எல்லோரும் நிற்கும் அந்தக் காட்சியையாவது பார்க்க வேண்டாமா?

கடைசியாகத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மிலும் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவோர் உண்டு. குடிவருகிறவரிடம் நம் வாசலில் என்ன கேள்வி கேட்கிறோம்? மேடையில் பேசுவதற்கு முன் அதை எண்ணிப் பார்ப்போமாக!